பேனையால் எழுதினால் செல்லாது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் தலைவர் சுதர்சன் மூன்று மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறார். உற்சாகம் என்னிடம் கையிருப்பில் இல்லை. வாழ்நாள் முழுக்க மென்பொருள் எழுதி ஓய்வு பெற்றவளிடம் மிஞ்சியிருப்பது கழுத்து வலியும் எரிச்சலும்தான். எரிச்சலைத் தரலாம் என்றேன். அதையாவது தாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டார். ஆகவே இதை வாசித்துவிட்டு மனம் சோர்ந்து போனால் அவரிடம் போய்ச் சண்டை பிடியுங்கள், என்னிடம் வராதீர்கள்.

போன கிழமை கிளிநொச்சியில் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் யாரோ ஒரு வரைபடம் போட்டிருந்தீர்கள். மேலே ஒரு பெட்டி, அதன் கீழே மூன்று, அவற்றின் கீழே ஏழு. ஒவ்வொன்றையும் அம்புக்குறியால் இணைத்து, கலர் பேனையால் நிழல் கூடப் போட்டிருந்தது. பார்த்ததும் எனக்கு எரிச்சலில் விசர் வந்துவிட்டது. வரைந்த பிள்ளை பயந்துபோய், "என்ன மிஸ், பிழையா?" என்று கேட்டாள். பிழையா சரியா என்று எனக்குத் தெரியாது. அது மிகவும் வடிவாக, அழகாக இருந்தது. அவ்வளவு வடிவான ஒரு படத்தை நானும் ஒருமுறை வரைந்திருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இதுதான் அந்தப் பதில்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலத்தில் நான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தேன். பொருள்நோக்கு நிரலாக்கம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. உலகத்தில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு பொருளாகப் பார். அதன் விவரத்தையும் அது செய்யும் வேலையையும் ஒரே பெட்டிக்குள் வை. ஒரு பெட்டியில் உள்ளதெல்லாம் அதன் பிள்ளைப் பெட்டிக்கும் தானாகவே போய்ச் சேரும், அதற்கு மரபுரிமை என்று பெயர். கேட்டவுடனேயே நான் மதம் மாறியவள் மாதிரி ஆகிவிட்டேன். பிறகு சிங்கப்பூரில் பல வருடம். அதன் பிறகு ஆலோசகர். ஆலோசகர் என்றால் பிழை வெளியே வரும் நேரத்தில் அந்த இடத்தில் இல்லாதவர் என்று அர்த்தம். பெரும்பாலும் நான் இருந்ததில்லை. இந்த ஒரு தடவை மட்டும் இருக்க வேண்டி வந்தது.

கொழும்பில் எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கடுகடுத்த மனிதர். நன்றாக இருக்கிறது என்று யாருக்கும் சொன்னதே இல்லை. ஒரு களஞ்சியத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ஒரு மாதமாக ஒரு முறைப்பாடும் வரவில்லை என்று நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, "வா போவம்" என்றார். போய்ப் பார்த்தால், கணினியின் மேல் பூப்போட்ட துணி விரித்து, அதன் மேல் சாமிப் படம் வைத்திருந்தார்கள். கணக்கு முழுவதும் பழைய கொப்பியிலேயே நடந்துகொண்டிருந்தது. முறைப்பாடு வராவிட்டால் நீ நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினார். இதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன் என்று நினைத்தேன். மறந்தேன்.

இப்போது விடயத்துக்கு வருகிறேன்.

பூநகரிப் பக்கத்தில் ஒரு குளம். பெயர் வேண்டாம். அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து ஒரு சம்மேளனம் வைத்திருந்தார்கள். யார் யாருக்கு எந்த நாள், எந்த நேரம் தண்ணீர் என்ற முறைப் பட்டியலைக் கணினியில் தயாரித்து, ஆளாளுக்குக் கைபேசியில் செய்தியும் அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உதவிக்கு நின்றது. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊருக்குத் திரும்பி வந்திருந்தேன். சிங்கப்பூரில் துறைமுகத்துக்குச் செய்தவளுக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னையே செருப்பால் அடிக்கலாம்.

அதுவரை அவர்களுடைய பட்டியல் கையால் எழுதியது. எழுதியதற்கு மேல் வெட்டி, வெட்டியதற்கு மேல் எழுதி, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, அது ஒரு போர்க்களம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சண்டை. ஒரு முறை மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. ஆகவே நான் ஒரு நல்ல ஆலோசனை சொன்னேன். அச்சடித்த பட்டியல் மட்டும்தான் செல்லும், பேனையால் எழுதினால் செல்லாது என்று கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள் என்றேன். வசனத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதற்குக் கீழே தங்கள் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்கள்: பட்டியலில் பெயர் இல்லாமல் மடையைத் திறக்கிறவருக்கு அடுத்த சிறுபோகத்தில் பங்கு இல்லை. எல்லாரும் கை உயர்த்தினார்கள்.

அந்தப் பங்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மழைக்கால விதைப்பான காலபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் வரும். கோடை விதைப்பான சிறுபோகத்தில் குளத்தில் அவ்வளவு இருக்காது. குளத்துக்குக் கிட்ட இருக்கும் மேல் வயல்களை மட்டும்தான் விதைக்கலாம். அப்படியென்றால் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களை விட்டுவிடுவதில்லை. மேல் வயல்காரர் தன் வயலில் ஒரு துண்டை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் கடைசி வயல்காரருக்கு விட்டுக்கொடுப்பார். அரிவி வெட்டி அறுவடை முடிந்ததும் வயல் சொந்தக்காரரிடம் திரும்பிப் போய்விடும். காணி உறுதிப் பத்திரமும் இல்லை, கடிதமும் இல்லை. கூட்டத்தில் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யாரும் கண்டுபிடிக்காத ஒரு ஏற்பாடு. எனக்கு அதில் இன்றைக்கும் மரியாதை உண்டு. அன்றைக்கும் மரியாதை இருந்தது, கவனம்தான் இருக்கவில்லை.

வேலை தொடங்கிய முதல் நாள், வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடும் பொறுப்பில் இருந்த கந்தசாமி அண்ணையிடம் பேசினேன். எழுபதை நெருங்கியவர். ஐம்பத்தெட்டு வயதிலும் அவருக்கு நான் பிள்ளைதான்.

"பிள்ளை, சிறுபோகத்தில ஆள் மாறும். அதை மறந்திடாதேங்கோ" என்றார்.

"ஓம் அண்ணை, அதுக்கு ஒரு ஏற்பாடு செய்யிறன்" என்றேன்.

என் ஏற்பாட்டைக் கேளுங்கள். 'வயல்' என்று ஒரு பெட்டி. அதற்குள் வயலின் சொந்தக்காரர். அதன் கீழ் 'சிறுபோக வயல்' என்று ஒரு பிள்ளைப் பெட்டி. அதற்குள் துண்டின் அளவு, தண்ணீர் நேரம், எல்லாம். சொந்தக்காரர் என்ற விவரம் தாய்ப் பெட்டியிலிருந்து தானாகவே வந்துவிடும். தண்ணீர்ப் பட்டியல் வயலைக் கேட்கும், வயல் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லும். ஒரு விவரமும் இரண்டு இடத்தில் இல்லை. கந்தசாமி அண்ணை ஆள் மாறும் என்றார், நான் வயலை மாற்றி வைத்தேன். வயலை வைத்திருப்பவரும் அதைச் செய்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்ற சின்ன விடயம் என் வடிவான படத்துக்குள் எங்கேயும் இல்லை. பரிசோதித்தும் பார்த்தோம். எதை வைத்து? காலபோகப் பட்டியலை வைத்து. அதில் எல்லாரும் தங்கள் சொந்த வயலைத்தான் செய்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. நானும் சுதர்சனும் தேத்தண்ணி குடித்துக் கொண்டாடினோம். ஓம், உங்கள் தலைவர் சுதர்சன்தான். அப்போது அவருக்கு இவ்வளவு தொப்பை இல்லை.

சிறுபோகம் தொடங்கியது. முதலாவது தண்ணீர் முறை போனது, இரண்டாவது முறை போனது. ஒரு முறைப்பாடும் இல்லை. சம்மேளனத் தலைவர் என்னைக் காணும்போதெல்லாம், "அக்கா, உங்கட சாமான் நல்லா ஓடுது" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எழுந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போய்ப் பார்க்க எனக்கு அப்போது ஒருவரும் இருக்கவில்லை.

மூன்றாவது முறையின் கடைசி நாள். காலை ஒன்பது மணி இருக்கும். கந்தசாமி அண்ணையிடமிருந்து அழைப்பு.

"பிள்ளை, உங்கட லிஸ்டில ஒரு மனிசியின்ர பேர் இல்லை."

"ஆர் அண்ணை?"

"லெட்சுமி. ஜெயபுரத்து லெட்சுமி. அவாவுக்கு இந்தச் சிறுபோகத்தில மேல் வயலில அரை ஏக்கர் பங்கு. நெல்லு இப்ப குடலை. வயல் வெடிச்சுப் போய்க் கிடக்கு. பேர் இல்லாமல் நான் திறக்கேலாது. ஆனால் இதைப் பாத்துக்கொண்டும் இருக்கேலாது. பின்னேரம் நாலு மணிக்குக் குளத்துத் துருசுக் கதவைப் பூட்டிப் போடுவினம், பிறகு ஒன்பது நாளைக்குக் குளத்தால தண்ணி இல்லை."

வயல் செய்யாதவர்களுக்குச் சொல்கிறேன். குடலை என்றால் கதிர் தண்டுக்குள் இருந்து வெளியே வரத் தயாராகும் பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வெளியே வருவது பதர்தான். ஒன்பது நாள் என்றால் கதை முடிந்தது. லெட்சுமியைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பிறகுதான் தெரிந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஓடி வந்த குடும்பம். நெடுங்காலம் மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போய், பிறகுதான் வாய்க்காலின் கடைசியில் ஒரு ஏக்கர் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது. புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அரை ஏக்கர் நெல்தான் அடுத்த மழை வரை அந்த வீட்டுக் குசினியில் அடுப்பு எரிவதற்கு வழி.

கணினியைத் திறந்து பார்த்தோம். அந்தத் துண்டு, கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்த ஒருவருடைய வயலில் இருந்தது. தண்ணீர் நேரம் அவருடைய பெயரில் அச்சாகியிருந்தது. செய்தியும் அவருடைய கைபேசிக்குத்தான் போயிருந்தது. அந்தக் கைபேசி பூட்டிய வீட்டில் அலுமாரிக்குள் கிடந்ததாம். மூன்று முறையும் என்னுடைய மென்பொருள் ஒரு அலுமாரியிடம், 'உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது' என்று மிகவும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறது.

சுதர்சன் கெட்டிக்காரர். உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, அஞ்சு நிமிச வேலை. அந்த வயலுக்குச் சொந்தக்காரர் எண்ட இடத்தில லெட்சுமியின்ர பேரைப் போட்டு லிஸ்டைத் திரும்ப அடிப்பம். பிரிண்ட் பண்ணின லிஸ்ட் செல்லும்தானே. நாளைக்கு மாத்திவிடுவம். ஒருத்தருக்கும் தெரியாது."

நானும் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. நேரம் ஒன்பதரை. சரியாக வேலை செய்யும் ஒரு வழி கண் முன்னே இருக்கிறது.

சொல்லவிடாமல் தடுத்தது என் புத்திசாலித்தனம் அல்ல, வேறொரு கடுப்பு. அதே பதிவிலிருந்துதான் பசளை மானியத்துக்கான காணி உறுதிப்படுத்தல் கடிதமும் அச்சாகும். ஒரு விவரமும் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்று அடம்பிடித்து நான்தான் அப்படிச் செய்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் பெயரை மாற்றினால், அன்றைக்கு யார் அந்தக் கடிதத்தை எடுத்தாலும் கனடாக்காரரின் காணி லெட்சுமியின் காணி என்று சம்மேளனத்தின் முத்திரையோடு வரும். யோசித்துப் பாருங்கள். வன்னியில் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, உடுப்பைக் கூட விட்டுவிட்டு அதை மட்டும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய காணியில் மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெயர். அந்தக் கடிதம் ஒரே ஒரு பிரதி வெளியே போனால் போதும். நாங்கள் விட்ட பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காணி பிடிக்கப் பார்த்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும், அது சாகும் வரைக்கும் போகாது.

"வேண்டாம்" என்றேன்.

"அப்ப என்ன அக்கா செய்யிறது? சரியாத் திருத்த ரெண்டு கிழமை வேணும்."

"மோட்டச்சைக்கிளை எடும். லிஸ்டை எடும். ஒரு பேனையும் எடும்."

கிளிநொச்சியிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் பஸ்ஸை நம்பினால் நாலு மணிக்கு நாங்கள் வீதியில்தான் நின்றிருப்போம். ஆகவே இந்த வயதில் சுதர்சனின் பின்னால் உட்கார்ந்து, புழுதி குடித்துக்கொண்டு போனேன். வழி முழுக்க அவருக்குத் திட்டு. அவர் ஒன்றும் செய்யவில்லை, திட்டுவதற்கு வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டாகிவிட்டது. வாய்க்கால் கரையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்த்தால், கழுவித் துடைத்த வெள்ளை வாகனம் ஒன்று. உதவி செய்த நிறுவனத்தின் ஆட்கள் அன்றைக்கென்று பார்த்து, கணினிப் பட்டியலின்படி தண்ணீர் திறக்கும் காட்சியைப் பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் வெள்ளை வேட்டி கட்டி, கையில் இளநீரோடு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. என் கையில் இருந்த பேனையைக் கண்டதும் வாடியது.

ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் விடயத்தைச் சொன்னேன்.

"அக்கா, இண்டைக்கு வேண்டாம். உங்களைக் கும்பிட்டன். இவையள் போகட்டும், நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்குத் தண்ணி இல்லை."

"பேனையால எழுதினால் செல்லாது எண்டு நாங்கள் தீர்மானம் எடுத்தனாங்கள். இண்டைக்கு உங்களுக்காக எழுதினால் நாளைக்கு ஆளாளுக்குப் பேனையோட வருவினம். திரும்பவும் மண்வெட்டிச் சண்டைதான். இதை நிப்பாட்டத்தானே உங்களைக் கூப்பிட்டனாங்கள்?"

அவர் சொன்னது நியாயம். எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். ஒரு மனிதர் விசர்க் கதை கதைத்தால் சண்டை பிடிக்கலாம். நியாயமாகக் கதைக்கிறவரோடு என்ன செய்வது? எங்கள் இரண்டு பேருடைய நியாயத்துக்கும் நடுவில் அரை ஏக்கர் காய்ந்துகொண்டிருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். கூட்டத்தின் நடுவில் போய் நின்று சத்தமாகச் சொன்னேன். இந்தப் பட்டியல் பிழை. பிழை விட்டது நான். சம்மேளனமும் இல்லை, கதவு திறக்கிறவரும் இல்லை, பங்கு எடுத்தவரும் இல்லை. வந்திருந்த ஆட்களுக்கு விளங்கவேண்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். பிறகு பட்டியலை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் விரித்து, லெட்சுமியின் பெயரையும் துண்டையும் நேரத்தையும் எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கந்தசாமி அண்ணை பட்டியலை வாங்கவில்லை.

"பேனை செல்லாது எண்டு நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள்?"

"ஓம் அண்ணை. நான்தான் சொன்னனான்."

"இப்ப?"

"இப்ப நான்தான் எழுதுறன். ஆரும் கேட்டால் என்ர பேரைச் சொல்லுங்கோ. திறவுங்கோ அண்ணை."

அவர் தலைவரைப் பார்த்தார். எல்லாரும் தலைவரைப் பார்த்தோம். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு அவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த கட்ட வேலையும் எங்களுக்கு வரவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்துக்காக அவரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அப்போதுதான் பெரிய அடி விழுந்தது. கூட்டத்தில் நின்ற ஒருவர், நடுத்தர வயது இருக்கும், மிகவும் சாதாரணமாகச் சொன்னார்:

"எங்கட பேரும்தானே லிஸ்டில இல்லை. பங்கு செய்யிற ஒருத்தற்ற பேரும் இல்லை."

"என்ன?"

"சொந்தக்காரனுக்கு மெசேஜ் வரும். அவர் வந்து தன்ர பேரில மடையைத் திறப்பிச்சு விடுவார், நாங்கள் தண்ணியைக் கட்டுவம். கொம்பியூட்டருக்கு உதெல்லாம் தெரியாதுதானே எண்டு நாங்களே பாத்துக்கொண்டனாங்கள்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தச் சிறுபோகத்தின் பங்குக்காரர் அத்தனை பேரையும் என் மென்பொருள் விட்டுவிட்டிருந்தது. ஊர்ச் சனம் ஒருவர் மாற்றி ஒருவர் கைகொடுத்து அதை மூடி மறைத்திருந்தார்கள். எனக்கு உதவி செய்ததாகக் கூட அவர்கள் நினைக்கவில்லை. கனடாவுக்குப் போன ஒருவர் இல்லாத இடத்தில் மட்டும் அது வெளியே வந்தது. தலைவர் சொன்ன 'நல்லா ஓடுது' என்பது இதுதான். ஓடியது என்னுடைய சாமான் இல்லை, அந்தச் சனம்.

அதைப் பிறகு எப்படித் திருத்தினோம் என்பதை சுதர்சன் உங்களுக்கு வரைந்து காட்டுவார். வயல், ஆள், இரண்டுக்கும் நடுவில் அந்தப் போகத்துச் செய்கை என்று தனியாக ஒரு பெட்டி. பிள்ளைப் பெட்டி கிடையாது, மரபுரிமை கிடையாது. இரண்டு கிழமை வேலை. அது வெறும் வேலை, உங்களில் யாரும் செய்வீர்கள். படம் முன்னையதைப் போல வடிவாக இல்லை. அதைப் பார்த்துக் குறை சொல்பவர்கள் என்னிடம் வரலாம்.

தண்ணீர் திறந்த பிறகு நான் வரம்பால் நடந்து லெட்சுமியின் துண்டுக்குப் போனேன். அவள் ஒற்றையாளாக மண்வெட்டியோடு நின்று தண்ணீரை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் திருப்பிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தது நிலம். பக்கத்து வரம்பில் இரண்டு வாளிகள் கிடந்தன. மூன்று கிழமையாகப் பக்கத்து வயலின் கசிவுத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றியிருக்கிறாள். வாய்க்காலுக்குக் கிட்ட இருந்த பக்கம் பச்சையாக நின்றது. மேட்டுப் பக்கம் நுனி கருகியிருந்தது. அந்தப் பக்கம் கடைசியில் பதராகத்தான் போனது, பாதி நெல்தான் தேறியது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள்மேல்தான் வந்தது.

"ரெண்டு முறை போச்சுது. ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? கந்தசாமி அண்ணை பாத்துச் சொல்லாட்டி இண்டைக்கும் போயிருக்கும். தலைவரிட்டைப் போயிருக்கலாம், எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். வாயைத் திறந்து கேக்கிறதுக்கு என்ன?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டது போலத்தான் இருந்தது.

"என்னத்தக்கா கேக்கிறது? மொத லிஸ்ட்டுல பேரு இல்லன்ன ஒடனேயே வெளங்கிருச்சுங்க. கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி பங்கு குடுத்தாங்க, பொறகு யாரோ வேணாம்னு சொல்லியிருக்காங்க, எடுத்துட்டாங்க. எங்களுக்கு அப்பிடித்தானங்க நடக்கும். போய்க் கேட்டா அடுத்த வருசமும் தரமாட்டாங்க. வெதச்சது வெதச்சாச்சு, அள்ளி ஊத்திப் பாப்போம்னு இருந்தேன்."

"ஒருத்தரும் எடுக்கேல்லை லெட்சுமி. அது என்ர பிழை. நான் எழுதின புரோகிராம் பிழை. உம்மட பேர் மட்டும் இல்லை, பங்குக்காரர் எல்லாற்ற பேரும் விடுபட்டிட்டுது."

"மத்தவங்க எல்லாம் தண்ணி கட்டுனாங்களேக்கா."

அதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கினேன். சொந்தக்காரர், கனடா, கைபேசி, அலுமாரி, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகளைப் பற்றிக் கூடச் சொன்னேன், வரம்பில் குந்தியிருந்து குச்சியால் சேற்றில் வரைந்தும் காட்டினேன். அவள் குனிந்து மரியாதையாகப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் சொல்லி முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அழுதுவிடப் போகும் ஒருவரைத் தேற்றுகிற மாதிரி, மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"விடுங்கக்கா. பெரியவங்க யாரோ சொல்லித்தான நீங்களும் செஞ்சிருப்பீங்க. உங்கமேல எனக்குக் கோவமில்லீங்க."